மாப்பிள்ளை ஏன் ஜனவரி என்றார்?

“அவருக்கு ஏற்கெனவே பொண்டாட்டி இருக்காளா, இல்லையா? அது ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும். வெள்ளிக்கிழமைக்குள்ள.”

மரிவெல் கதுபிக் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லி முடித்துவிட்டாள். அன்றைக்குப் புதன்கிழமை, காலை எட்டு மணி. முப்பத்து நான்கு வயது, பள்ளிக்கூட டீச்சர், கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல். எங்கள் ஆபீஸுக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் இதே கேள்வியோடுதான் வருவார்கள். மீதிப் பாதி, இதைக் கேட்காமலே கல்யாணத்தை முடித்துக்கொண்டு அப்புறமாக வருவார்கள்.

ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. வெளிநாட்டு மாப்பிள்ளைகளின் வண்டவாளத்தை விசாரித்துச் சொல்வது பெர்பெத்துவா அக்காவின் தொழில். அதற்கு முன்னால் இருபது வருடம் விசா ஏஜென்சி ஒன்றில் மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர். நான் ஜுன்ரே, அவருடைய உதவியாளன். அக்கா யோசிப்பார், நான் அலைவேன். வாயை மூடிக்கொண்டு அலைய வேண்டும் என்பது அக்காவின் பத்து வருட ஆசை.

“முதல்ல உக்காரும்மா. தண்ணி குடி. ஆளு யாரு?”

“க்ளென். அமெரிக்காவுல ஒஹையோ. ஒரு கிடங்குல நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மூணு தடவை இங்க வந்து எங்க வீட்ல சாப்பிட்டிருக்கார். இங்கயே சர்ச்ல கல்யாணம் பண்ணிட்டு, அப்புறம் மனைவி விசாவுக்குப் போடலாம்னுதான் ரெண்டு பேரும் பேசி வச்சிருந்தோம். லேட்டாகும். ஒண்ணரை வருஷம்கூட ஆகும். ஆனா அங்க போய் இறங்கும்போது நான் அவர் பொண்டாட்டியா இறங்குவேன். மறுநாளே வேலை தேடலாம்.”

“அதுதான் நல்லது,” என்றார் அக்கா.

“போன மாசம் திடீர்னு பேச்சை மாத்திட்டார். நிச்சயம் பண்ணின பொண்ணுங்களுக்கான விசாதான் போடணுமாம். அங்க போய் தொண்ணூறு நாளுக்குள்ள கல்யாணம் நடக்கணும். நடக்கலேன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டுத் திரும்பி வரணும். ஏன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறார். வெள்ளிக்கிழமைக்குள்ள என் கையெழுத்துப் போட்ட தாள் அவர் கைக்குப் போகணுமாம்.”

“தொண்ணூறு நாள்தானா? நான் வாங்கின இஸ்திரிப் பெட்டிக்கே ஒரு வருஷம் வாரண்டி குடுத்தான்,” என்றேன்.

அக்கா என்னை முறைத்தார். மரிவெல் சிரிக்கவில்லை.

“வேலையை ராஜினாமா பண்ணிட்டுத்தான் நான் போகணும். அங்க அவர் மனசு மாறி என்னைத் திருப்பி அனுப்பிட்டா எந்த முகத்தோட இங்க வந்து நிப்பேன், சொல்லுங்க. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. அதனாலதான் பயமா இருக்கு.”

அக்கா ஃபைலைப் புரட்டினார். பிறப்புச் சான்றிதழ். போன நவம்பரில் வாங்கிய, ‘இவருக்குத் திருமணம் ஆகவில்லை’ என்கிற அரசாங்கச் சான்றிதழ். எல்லாம் சுத்தமாக இருந்தன.

“பாஸ்போர்ட் எங்க?”

“இன்னும் எடுக்கல. எந்த விசான்னு முடிவாகட்டும், முடிவாகட்டும்னு அம்மா தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்காங்க.”

“ம். அவர் அனுப்பின மெசேஜைக் காட்டு. ஜுன்ரே, படி.”

போனை வாங்கி அவர் இங்கிலீஷில் எழுதியதைச் சினிமா டப்பிங் மாதிரி இல்லாமல் ஒழுங்காகவே படித்துச் சொன்னேன்: “‘இந்த வருஷம் உங்க ஊர்ல என்னால கல்யாணம் பண்ணிக்க முடியாது. தப்பா நினைக்காதே. ஜனவரி ஒண்ணாம் தேதியிலேர்ந்து நீ எந்தத் தேதி சொன்னாலும் நான் ரெடி. ஆனா அதுவரைக்கும் காத்திருக்க வேணாம், இந்த விசாவை இப்பவே போட்டுடலாம்.’”

“பாத்தீங்களா?” என்றாள் மரிவெல். “டிசம்பர்லதான் அவருக்கு விவாகரத்து முடியுது போல. அதுவரைக்கும் அவர் இன்னொருத்தி புருஷன்.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. அக்காவுக்குப் படவில்லை.

“விவாகரத்துக்குக் காத்திருக்கறவன் ‘பேப்பர் வரட்டும்’னு சொல்லுவான். எந்த ஜட்ஜும் ஜனவரி ஒண்ணுன்னு தேதி குறிக்க மாட்டான், அன்னிக்குக் கோர்ட்டுக்கே லீவு. காலண்டர் மாறணும்னு காத்திருக்கறது யாரு ஜுன்ரே?”

யோசித்தேன். என் சொந்த அண்ணன் கல்யாணம் பதினொரு மாதம் தள்ளிப் போனது ஞாபகம் வந்தது.

“நம்ம ஆளுங்கதான். சுகோப்!”

கூடப் பிறந்த இரண்டு பேருக்கு ஒரே வருடத்தில் கல்யாணம் ஆகக் கூடாது. ஆகிவிட்டால் ஒருத்தர் வாழ்க்கை இன்னொருத்தர் வாழ்க்கையை விழுங்கிவிடும் என்பார்கள் எங்கள் ஊரில். அதற்குப் பெயர்தான் சுகோப். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே தேதியைத் தள்ளிப் போடுவார்கள்.

“ஆனா அக்கா, அவரு ஒஹையோக்காரர். கருவாடு வறுத்தா தெருவுக்கு ஓடற ஊர்க்காரர். அவருக்கு எப்படி சுகோப் தெரியும்?”

“தெரியாது. யாரோ சொல்லியிருக்காங்க. இவகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கியிருக்காங்க. ஏம்மா, உங்க அம்மா அவர்கூடத் தனியா பேசுவாங்களா?”

மரிவெல்லின் முகம் மாறியது. “ஞாயித்துக்கிழமை வீடியோல பேசுவாங்க. அரைகுறை இங்கிலீஷ்தான். ஆனா அவருக்கு அம்மான்னா உசிரு.”

“இந்த வருஷம் உங்க வீட்ல யாருக்குக் கல்யாணம் ஆச்சு?”

“யாருக்கும் இல்லையே. நானும் என் தங்கச்சி ஜெனிலினும்தான். அவ பத்து வருஷமா துபாய்ல வீட்டு வேலை பாக்கறா. அவளுக்கு இன்னும் ஆகல.”

“இந்த வருஷம் ஊருக்கு வந்தாளா?”

“பிப்ரவரில வந்தா. பத்து நாள் இருந்தா.”

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “வா, உங்க வீட்டுக்குப் போலாம். அம்மா இருப்பாங்களா?”

“மார்க்கெட்ல இருப்பாங்க. மத்தியானம்தான் வருவாங்க.”

வீடு சின்னது. ஒரு ஹால், மாதா சிலை, டிவி, புத்தம் புதிய மின்விசிறி. நான் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா விசிறிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுச் சுகமாகக் காற்று வாங்கினார். பிறகு விசிறியை நிறுத்தினார். நடுவில் இருந்த வட்ட மூடியில் ஒரு மீசைக்காரர் ஒட்டப்பட்டிருந்தார்.

“இது யாரு?”

எட்டிப் பார்த்தேன். “‘அன்புடன், சான் இசித்ரோ மேயர் பந்திலான், பிப்ரவரி 14.’ சான் இசித்ரோ தெற்கே இருக்கு, பஸ்ல ரெண்டு மணி நேரம்.”

“உங்க வீட்ல யாருக்காவது அங்க ஓட்டு இருக்கா?”

“இல்ல. ஜெனிலின்தான் கொண்டு வந்தா. ஏதோ குலுக்கல்ல விழுந்ததுன்னு சொன்னா,” என்றாள் மரிவெல்.

“ஓட்டு இல்லாத வீட்டுக்கு எந்த மேயராவது ஃபேன் குடுப்பாரா? அதுவும் பிப்ரவரி பதினாலாம் தேதி?”

எனக்குப் பொறி தட்டியது. காதலர் தினமான அந்தத் தேதியில் எங்கள் மேயர்கள் யாரும் குலுக்கல் நடத்துவதில்லை. ஊர் விளையாட்டு அரங்கத்தில் ஜோடிகளை வரிசையாக நிறுத்தி, இலவசமாகக் கல்யாணம் பண்ணி வைப்பார்கள். ஜோடிக்கு ஒரு பரிசும் உண்டு.

“எங்கிட்ட சொல்லாமயா?” என்றாள் மரிவெல். “அவளுக்கு ஜடை போட்டு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனவ நான்.”

சான் இசித்ரோ போகும் பஸ்ஸில் அவள் கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். க்ளென் மேல் தப்பில்லை. தங்கை திருட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள், அம்மா சுகோப்புக்குப் பயந்து அவரைக் குழப்பிவிட்டாள், அவ்வளவுதான். ஜனவரியில் சர்ச்சில் கல்யாணம், பழையபடி மனைவி விசா. ஜன்னல் பக்கம் திரும்பி எந்தச் சர்ச் என்று யோசித்துக்கொண்டிருந்தாள் போல.

“அக்கா, கேஸ் முடிஞ்சுது. இறங்கி இளநீர் குடிச்சிட்டுத் திரும்பிடலாமா?” என்று கிசுகிசுத்தேன்.

“முடியல,” என்றார் அக்கா. “சுகோப்புக்குப் பயந்த அம்மா என்ன சொல்லுவா? ஜனவரிக்குத் தள்ளி வைன்னு சொல்லுவா. இங்க கல்யாணமே வேணாம், அங்க கூட்டிட்டுப் போய்ப் பண்ணிக்கோன்னு எதுக்குச் சொன்னா?”

பஸ் இளநீர்க் கடையைத் தாண்டிப் போனது.

சான் இசித்ரோ நகராட்சியில் பதிவாளர் ஆபீஸ் இளைஞன் ரொம்ப மரியாதையாகக் கையை விரித்தான். “பதிவுப் புத்தகத்தை யாருக்கும் காட்டக் கூடாது மேடம். மாப்பிள்ளையோ பொண்ணோ நேர்ல வந்து அடையாள அட்டையைக் காட்டினாத்தான் நகல் குடுப்போம்.”

வெளியே வந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா கவலையே படாமல், “ஜுன்ரே, கல்யாணத்தன்னிக்கு அரங்கத்து வாசல்ல பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருப்பாங்க. எல்லா ஜோடி பேரும் அதுல இருக்கும். விசேஷம் முடிஞ்சா அந்த ஃப்ளெக்ஸ் எங்க போகும்?” என்றார்.

“எங்கயாவது கூரையா போகும்.”

“எங்கெங்க கூரை புதுசா இருக்குன்னு பாரு.”

ஒரு பன்றிக் கொட்டகை, ஒரு டயர் கடை என்று அலைந்து மூன்றாவதாகக் கிடைத்தது. அரங்கத்துக்குப் பின்னால் கோழி சுடுகிற கடை. தலைக்கு மேலே மேயர் மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார், அவரைச் சுற்றி இதயங்கள், கீழே பொடி எழுத்தில் பெயர்கள்.

“படம் போட்ட பக்கத்தை ஏன் உள்ள தள்ளிக் கட்டியிருக்கே?” என்று கேட்டேன்.

“வெளிய போட்டா வெயில்ல மூஞ்சி வெளுத்துடும். வெளுத்தா அவங்க ஆளுங்க வந்து சண்டைக்கு நிப்பாங்க,” என்றாள் கடைக்காரி. “பேரைப் படிக்கிறதுன்னா சாப்பிட்டுக்கிட்டே படிங்க.”

மூன்று தட்டு வாங்கினோம். கழுத்து சுளுக்கும் அளவுக்கு அண்ணாந்து அறுபத்திரண்டு ஜோடிகளையும் பார்த்தேன். ஜெனிலின் என்று ஒரு பெண்கூட இல்லை.

“புட்டுக்கிச்சு அக்கா. அந்தப் பொண்ணுக்கு நிஜமாவே குலுக்கல்ல விழுந்திருக்கு. பாவம், சந்தேகப்பட்டுட்டோம்.”

அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தார். “எத்தனை வயசுல அவ துபாய்க்குப் போனா?”

“பதினெட்டு,” என்றாள் மரிவெல்.

“உனக்கு அப்ப இருபத்தி நாலு.” அக்கா கண்ணை மூடிக்கொண்டார். “வீட்டு வேலைக்கு வெளிநாடு போகணும்னா சட்டப்படி இருபத்தி மூணு ஆகியிருக்கணும். ஜுன்ரே, தங்கச்சி பேரைத் தேடாதே. பொண்ணுங்க பேரை எல்லாம் வரிசையாப் படி.”

படித்தேன். முப்பத்தொன்பது. நாற்பது. “நாப்பத்தி ஒண்ணு. ரூபெலிட்டோ அபெய்யா, மரிவெல்…”

நிறுத்திவிட்டேன். என் வாய் தானாக நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மரிவெல் எழுந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து, தானே படித்தாள். மரிவெல் கதுபிக்.

“அதே பேர்ல வேற யாராவது இருக்கலாம்,” என்றேன். எனக்கே அது எடுபடவில்லை.

“போய்ப் பாத்துடலாம்,” என்றார் அக்கா. அவர் குரல் இறங்கியிருந்தது. “பொண்ணு நேர்ல வந்தாத்தானே காட்டுவேன்னான். உன் அடையாள அட்டையை எடும்மா.”

இளைஞன் அட்டையைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான், பிறந்த தேதியை விரல் வைத்துச் சரிபார்த்தான். உடனே எழுந்து நின்றான்.

“நீங்கதானா மேடம்! முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? வாழ்த்துகள்! சார் நல்லா இருக்காரா?”

நகலில் எல்லாமே மரிவெல்லுடையது. பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர். கையெழுத்து மட்டும் அவளுடையது இல்லை. ஆனால் பார்ப்பதற்கு அவளுடையது மாதிரியே இருந்தது.

நகராட்சி வாசலில் வாகை மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். மரிவெல் துபாய்க்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். அங்கே காலை ஒன்பதரை. முதலாளியம்மா வேலைக்குப் போயிருக்கும் நேரம்.

“ஜெனிலின்.”

பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. “அக்கா? என்ன இந்த நேரத்துல?”

“சான் இசித்ரோல இருக்கேன். இப்பத்தான் எனக்கு வாழ்த்து சொன்னாங்க.”

போன் கட் ஆகிவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். ஆகவில்லை. அழுகைச் சத்தம் கேட்டது.

“அம்மாதான் பெட்டியிலேர்ந்து உன் பிறப்பு சர்டிஃபிகேட்டை எடுத்துக் குடுத்தா. அப்பாவுக்கு அப்ப டயாலிசிஸ். நீ எங்கயும் போற ஐடியாவுல இல்ல. ரெண்டு வருஷத்துல திருப்பிக் குடுத்துடலாம்னு சொன்னா.”

“ஜாக்கெட்டா அது, போட்டுட்டுத் திருப்பிக் குடுக்க? என் பேருடி!”

“தெரியும். ஆனா பத்து வருஷமா இங்க எல்லாரும் என்னை மரிவெல்னுதான் கூப்பிடறாங்க. ரூபெலிட்டோவும்தான். அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீ ஜெனிலின்னு கூப்பிட்டா அது நான்தான்னு நினைப்பு வரவே கொஞ்ச நேரம் ஆகுது அக்கா.”

அக்கா போன் பக்கம் குனிந்தார்.

“உங்க அம்மா கணக்கு என்னம்மா?”

“நிச்சயம் பண்ணின விசான்னா கல்யாண லைசென்ஸுக்கு நகராட்சிப் பக்கமே போக வேணாம், நவம்பர்ல வாங்கின பழைய சர்டிஃபிகேட்டே போதும்னு அம்மா நினைச்சா. டிசம்பர்ல நான் வந்து அக்கா பேர்ல எடுத்த பாஸ்போர்ட்டை ஒப்படைச்சுட்டா அக்கா புதுசு எடுத்துக்கலாம்னு…”

“போதாது,” என்றார் அக்கா. “எந்த விசாவா இருந்தாலும் நேர்முகத்தப்ப புதுசா வாங்கின சர்டிஃபிகேட் கேப்பாங்க. அதுல இப்ப இந்தக் கல்யாணம் வந்து நிக்கும். நம்ம நாட்ல விவாகரத்தும் கிடையாது. நீ கோர்ட்ல ஏறி, அந்தக் கையெழுத்து என்னுதுன்னு சொல்லணும். அதுக்கு அப்புறமும் வருஷக்கணக்குல இழுக்கும்.”

“சொன்னா என்னை உள்ள போட்டுடுவாங்க. எனக்கு இப்ப அஞ்சு மாசம்.” அழுகை மறுபடி பெரிதானது. “அக்கா, உன் கால்ல விழறேன். குழந்தை பிறக்கட்டும். அதுவரைக்கும் க்ளென்கிட்ட சுகோப்னே சொல்லிட்டு இரு. அவர் நம்பறார். அவர் நல்லவர்னு நீதானே சொன்னே. காத்திருப்பார்.”

“வச்சிடு,” என்றாள் மரிவெல். அவளே வைத்தாள்.

என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் இருக்கும். அன்றைக்குத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. இந்தப் பெண் எந்த விசா என்று கேட்க வந்தாள். நாங்கள் கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்து இரண்டையும் மூடிக் கொடுத்திருந்தோம்.

“அக்கா, அவ கேட்டதைச் செய்யலாமா?” என்றாள் மரிவெல். “பொய் சொல்லிட்டு ஒரு வருஷம் ஓட்டலாமா?”

“ஓட்டலாம். அவர் நம்புவார்,” என்றார் அக்கா. “அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது என் தொழில் இல்ல.”

போன் அடித்தது. க்ளென். அங்கே நள்ளிரவு தாண்டி, ஷிஃப்டில் சாப்பாட்டு நேரம். தினமும் இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாராம். மரிவெல் நான்கு தடவை மணி அடிக்கும் வரை திரையையே பார்த்தாள். பிறகு எடுத்தாள். ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டாள்.

“கையெழுத்துப் போட்டியா கண்ணு?” என்றது ஒரு களைத்த, அன்பான குரல். “வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடுமில்ல? அந்த விசாவே போதும்னு உனக்குத் தோணுதா, இல்ல இன்னும் கோவமா?”

“க்ளென், எந்த விசாலயும் நான் வர முடியாது.” என்றாள் மரிவெல். “எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு.”

பின்னால் எங்கேயோ ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

“என்ன சொல்றே? யாரோட?”

மரிவெல் மடியிலிருந்த நகலை நிமிர்த்தி, அந்தப் பெயரை எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தாள். “ரூபெலிட்டோ அபெய்யா.”

“யார் அவன்? எப்படிப்பட்டவன்?”

“தெரியல,” என்றாள் மரிவெல். “நான் இன்னும் அவரைப் பாத்ததில்ல.”